இடம் மாறிய வலி

அத்தையிடம் பொய் சொல்லித் தப்பித்தவர் யாரையும் எனக்குத் தெரியாது. திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் எங்கள் தெருவுக்குள் சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவர், மற்ற வாசல்களில் எல்லாம் "இன்னைக்குக் காலையில பிடிச்சது" என்று கூவுவார். எங்கள் வாசலுக்கு வந்ததும் குரல் இறங்கிவிடும். அத்தை மீனைப் பார்க்கவே மாட்டாள். அவர் முகத்தைத்தான் பார்ப்பாள். "நேத்து மீனுதான்க்கா. ஐஸ்ல இருந்துச்சு. பிடிச்சா எடுங்க" என்று அவரே சொல்லிவிடுவார். அத்தையும் எடுத்துக்கொள்வாள். நேற்றைய மீனைத் தின்பதில் அவளுக்கு ஒன்றுமில்லை. அதை இன்றைய மீன் என்று சொல்லி விற்கக் கூடாது, அவ்வளவுதான்.

அப்பாவுக்கு மூத்தவள். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. தாத்தா இறந்த பிறகு அப்பாவைப் படிக்கவைத்து, வண்டி வாங்கிக் கொடுத்து, பெண் பார்த்துக் கட்டிவைத்தது எல்லாம் அவள்தான். அதனால் எங்கள் வீட்டில் அவள் சொன்னால் சொன்னதுதான். அம்மாகூட அவளை 'மதினி' என்று கூப்பிடும்போது அதில் மாமியாருக்குரிய மரியாதை இருக்கும்.

அப்பா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து காய்கறி ஏற்றும் சின்ன லோடு வண்டி ஓட்டினார். ஒருமுறை சிகரெட்டை விட்டுவிட்டதாக மாதா கோயிலில் வைத்துச் சத்தியம் செய்தார். ஒரு வாரம் கழித்துச் சாயங்காலம் வீட்டுக்குள் வந்தவரிடம் அத்தை, "இன்னைக்கு லோடு எந்த ஊருக்கு?" என்று கேட்டாள். "தேனிக்கு. போற வழியில வத்தலக்குண்டுல ஒரு டீ குடிச்சேன், பாலு தீஞ்சுபோயிருந்துச்சு, அப்பறம் நேரா..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"ஊரு எதுன்னுதான் கேட்டேன். நீ டீயப் பத்திச் சொல்ற. எடு அந்தப் பாக்கெட்ட."

அப்பா சட்டைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். எனக்கும் அம்மாவுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வேடசந்தூர் ரோட்டில் இருந்த ஒரு நூல்மில்லில் அத்தைக்கு வேலை. பதினேழு வயதில் மிஷினில் நின்றவள், பிறகு அதே பகுதிக்குச் சூப்பர்வைசர் ஆனாள். அவளுக்குக் கீழே வேலை செய்ததெல்லாம் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து வந்து மில் விடுதியில் தங்கியிருந்த இளம்பெண்கள். அவர்களுக்கு லீவு வேண்டுமென்றால் முதலில் அத்தையைத் தாண்டவேண்டும். வயிற்றுவலி என்று ஒருத்தி வந்து நின்றால், "எந்தப் பக்கம் வலிக்குது?" என்று கேட்பாள். "இந்தப் பக்கம்" என்பாள் அந்தப் பெண். அத்தை உடனே பேச்சை மாற்றிவிடுவாள். ஊரில் மழை பெய்ததா, தம்பி பாஸ் ஆனானா, பஸ் நேரத்துக்கு வருதா என்று செத்த நேரம் பேசிவிட்டு, போகிறபோக்கில், "எந்தப் பக்கம்னு சொன்ன?" என்பாள். பொய் சொல்கிறவளுக்கு இதற்குள் மறந்திருக்கும். கை வேறு பக்கம் போகும்.

"நெசமான வலி இருந்த எடத்துலயே இருக்கும். பொய் வலிதான் நடக்கும்" என்று சாப்பிடும்போது எங்களுக்குச் சொல்வாள். சொல்லிவிட்டு அந்தப் பெண் திருதிருவென்று முழித்ததை நடித்தும் காட்டுவாள்.

இதை வைத்து அவளைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு பெண்ணை எல்லாரும் நடிப்புக்காரி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் மாதாமாதம் எதையாவது சொல்லி ஊருக்குப் போகிறவள்தான். ஒருநாள் அவள் வலி என்று சுருண்டபோது, "இது நெசம்" என்று அத்தை மட்டும் சொன்னாள். மேனேஜரிடம் சண்டை போட்டு, மில் வண்டியை எடுக்கவைத்து, தானே கூடப்போனாள். குடல்வால் வெடிக்கும் நிலையில் இருந்தது. அந்தப் பெண்ணின் அப்பா எங்கள் வீட்டுக்கு ஒரு பலாப்பழத்தைச் சுமந்துகொண்டு வந்து, அத்தை காலில் விழப்போனார். நான் அந்தப் பலாப்பழத்தைத் தின்றிருக்கிறேன். அத்தைக்குத் தெரியாத பொய்யும் இல்லை, தெரியாத நிஜமும் இல்லை என்று நான் நம்பியது அதனால்தான்.

எனக்கு முழங்கால் வலி வந்தது எட்டாவது படிக்கும்போது. காலாண்டு லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த சமயம். நான் குண்டுப் பிள்ளை. ஓடவும் பிடிக்காது, குதிக்கவும் பிடிக்காது. பி.டி. பீரியடில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொள்ள என்னென்னவோ காரணம் சொன்னவள். அது அத்தைக்குத் தெரியும்.

"அத்த, வலது முட்டி வலிக்குது" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தாள். "விழுந்தியா?"

"இல்ல."

"யாரும் தள்ளிவிட்டாகளா?"

"இல்ல. சும்மாவே வலிக்குது."

"சரி" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கணக்குப் பரீட்சை பற்றிக் கேட்டாள். பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு என்ன பாவாடை போடப்போகிறாய் என்று கேட்டாள். தட்டு வைத்தார்கள். நான் தரையில் சம்மணம் போட்டு உட்காரப்போனபோது தொடைக்குள் சுருக்கென்று இழுத்தது. அந்த நேரம் பார்த்து அத்தை சோற்றைப் போட்டுக்கொண்டே, "எங்க வலிக்குதுன்னு சொன்ன?" என்றாள்.

"தொடையில" என்றேன்.

அத்தை கரண்டியோடு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "பாத்துக்கிட்டியா? சோறு வேகுறதுக்குள்ள முட்டியில இருந்து தொடைக்கு ஏறிருச்சு."

"நெசமாவே ரெண்டு எடத்துலயும் வலிக்குது அத்த."

"நாளைக்கு என்ன கெழம? பி.டி. பீரியடு இருக்கா இல்லையா?"

இருந்தது. அதோடு விசாரணை முடிந்துவிட்டது. ஆனால் அன்று படுக்கும்போது தைலத்தை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முட்டியிலும் தொடையிலும் நன்றாக அழுத்தித் தேய்த்துவிட்டாள். "பொய்க்குத் தைலம் தேய்க்கிறவ ஒலகத்துல நான் ஒருத்திதான்" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. வலியும் இருந்தது.

வலி போகவில்லை. சில நாள் இருக்காது, சில நாள் மாடிப்படி ஏறமுடியாது. நடக்கும்போது வலது பாதம் தானாக வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டது. "ஏ புள்ள, வாத்து மாதிரி நடக்காத" என்பாள் அத்தை. நேராக வைத்து நடந்து பார்ப்பேன், நாலு எட்டுக்கு மேல் முடியாது.

அம்மா தெருமுனை டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் மாத்திரை கொடுத்து, எடையைக் குறைக்கச் சொன்னார். மாத்திரை தீர்ந்ததும் வலி திரும்ப வந்தது. பிறகு டவுனில் எலும்பு டாக்டர் ஒருவரிடம் போனோம். கூட்டம் அலைமோதியது. "எங்கேம்மா வலி?" என்று அவர் கேட்டபோது, தொடை என்று சொன்னால் இவரும் சிரித்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். "முட்டியில" என்று மட்டும் சொன்னேன். முட்டியை அழுத்திப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், முட்டிக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல. வளர்ற வயசு. வெயிட்டு கொறைஞ்சா சரியாப் போயிரும். நல்லா நடக்கச் சொல்லுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை அந்தப் படத்தை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். எனக்கு அது கறுப்பும் சாம்பலுமாகத்தான் தெரிந்தது. "எலும்பு எம்புட்டு அழகா இருக்கு பாரு" என்றாள். என்னைத் திட்டவில்லை. ஜெயித்த சந்தோஷம்கூட அதிகம் இல்லை. எனக்கு ஒன்றுமில்லை என்ற நிம்மதிதான் அவள் முகத்தில் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

மறுநாளிலிருந்து நடை ஆரம்பித்தது. எட்டு மணி நேரம் மில்லில் நின்றுவிட்டு வருகிறவள், ஒரு காபியைக் குடித்துவிட்டு, பள்ளிக்கூட மைதானத்துக்கு என்னைக் கூட்டிப்போவாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என்கூடவே சுற்றுவாள். நடந்துகொண்டே மில் கதைகள் சொல்வாள். எந்தப் பெண் எந்த எலக்ட்ரீசியனைப் பார்த்துச் சிரித்தாள், மேனேஜர் எப்படி மூக்கை உறிஞ்சுவார், எல்லாம். திரும்பும்போது வறுத்த கடலை வாங்கிக் கொடுப்பாள். வீட்டில் என்னோடு அவ்வளவு நேரம் பேசுவதற்கு வேறு யாரும் இல்லை. வலித்தது. ஆனால் அந்த நடையை விடவும் எனக்கு மனமில்லை. கொஞ்ச நாளில் வலிக்கிறது என்று சொல்வதையே விட்டுவிட்டேன். அத்தை தப்பே செய்யாதவள், எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது, அப்படியென்றால் நான்தான் எனக்குத் தெரியாமல் நடிக்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

தவக்காலம் முடிந்து, சித்தையன்கோட்டையில் அப்பாவின் சித்தப்பா வீட்டில் புதுநன்மை விருந்து. பேத்தி முதன்முதலாக நற்கருணை வாங்கியிருந்தாள். வீட்டுக்குப் பின்னால் பந்தல் போட்டுச் சாப்பாடு. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனேன். குழாயடியில் சிமெண்டுத் தரை முழுக்க ஈரம். வலது கால் ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். விழுந்தபோது இடுப்புக்குள் ஏதோ பிடி விட்டுப்போனது போல இருந்தது.

சொந்தக்காரர்கள் எல்லாம் எச்சில் கையோடு திரும்பிப் பார்த்தார்கள். அத்தை முதலில் வந்தாள்.

"எந்திரி."

எழுந்திரிக்கப் பார்த்தேன். முடியவில்லை.

"எந்திரி புள்ள. ஊரே பாக்குது. நடிச்சது போதும்."

கையைப் பிடித்து இழுக்கக் குனிந்தாள். குனிந்தபோது என் முகம் அவள் முகத்துக்கு நேராக வந்தது. நான் அழவில்லை. வாயைத் திறந்தும் சத்தம் வரவில்லை. அத்தை என் கையை விட்டுவிட்டாள். புதுப் பட்டுச்சேலையோடு அந்த ஈரத்தில் அப்படியே உட்கார்ந்து என் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இவ பொய் சொல்லல" என்றாள். யாரும் அவளிடம் கேட்கவில்லை. "ஏலே, வண்டியக் கொண்டா! இவ பொய் சொல்லலடா!" என்று அப்பாவைப் பார்த்துக் கத்தினாள்.

திண்டுக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வந்தது ஒரு பெண் டாக்டர். சின்ன வயதுதான். என் முட்டியைத் தொடவே இல்லை. கால் கிடந்த கிடையைப் பார்த்தார். பாதம் முழுக்க வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது.

"இதுக்கு முன்னாடி வலி இருந்துச்சா?"

அம்மா பழைய எக்ஸ்ரே படத்தை நீட்டினாள். டாக்டர் அதை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இது முட்டி. இடுப்புக்கு எடுக்கலையா?" என்றார்.

"வலி முட்டியிலன்னுதான் சொன்னா மேடம்."

இடுப்புக்கு எடுத்தார்கள். படம் வந்ததும் டாக்டர் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். என்னைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்திருந்ததால் நானும் பார்த்தேன். தொடை எலும்பின் மேல்முனையில் பந்து மாதிரி ஓர் உருண்டை இருக்கும் என்றும், வளரும் வயதில் அந்த உருண்டைக்கும் எலும்புக்கும் நடுவில் இளசாக ஒரு பகுதி இருக்கும் என்றும், சில பிள்ளைகளுக்கு அந்த இடம் தாங்காமல் உருண்டை கொஞ்சம் கொஞ்சமாக நழுவிவிடும் என்றும் சொன்னார். எடை கூடின பிள்ளைகளுக்கு அதிகம் வருமாம். கோளாறு இடுப்பில். ஆனால் வலி முட்டியில் தெரியும்.

"கொஞ்ச கொஞ்சமா நழுவிக்கிட்டே இருந்திருக்கு. இன்னைக்கு விழுந்ததுல ரொம்ப எறங்கிருச்சு. ஸ்க்ரூ போட்டு நிறுத்தணும். எத்தனை நாளா வலின்னு சொல்றா?"

அத்தைதான் முன்னால் வந்தாள். ஈரச்சேலை காலில் ஒட்டியிருந்தது.

"காலாண்டு லீவு முடிஞ்சதுல இருந்து சொல்றா. நாந்தான் நம்பல."

டாக்டர் நல்லவர். "முட்டி வலின்னா எல்லாரும் முட்டியத்தாம்மா பாப்பாங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"இல்ல டாக்டர். ஒரு நாளைக்கு முட்டின்னா, ஒரு நாளைக்குத் தொடைன்னா. எடத்த மாத்தி மாத்திச் சொன்னா. அதான் பொய்யின்னு நெனச்சேன்."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "தொடையிலயும் வலின்னு சொன்னாளா? அதத்தாம்மா நாங்க கேப்போம். இதுல வலி அப்படித்தான் மாறி மாறித் தெரியும். அத யாராவது டாக்டர்கிட்ட வந்து சொல்லியிருந்தா, அன்னைக்கே இடுப்பப் பாத்திருப்பாங்க."

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. விளக்கம் கேட்டவருக்கு விளக்கம் சொன்னார், அவ்வளவுதான். அத்தை தலையை ஆட்டினாள். தள்ளுவண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "நடக்கவிட்டதுனால கூடிருச்சா டாக்டர்? தெனமும் சாயங்காலம் நடக்கவிட்டேன்" என்று கேட்டாள்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "நடக்காம இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஸ்க்ரூ போட்டார்கள். உருண்டையைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோக முடியாது, இனி நழுவாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் முடியும் என்றார்கள். மாதக்கணக்கில் படுக்கை, பிறகு வாக்கர். எழுந்து நடந்தபோது வலது கால் சற்றுக் குட்டையாகிவிட்டிருந்தது. அந்தக் கால் செருப்பின் அடியில் தடிமனாக ஒரு துண்டு வைத்துத் தைத்துக்கொண்டேன். இன்னும் அப்படித்தான். விந்தி விந்தித்தான் நடப்பேன். ஓடச்சொன்னால் முடியாது. முன்பும் எனக்கு ஓடப் பிடிக்காது என்று சிரித்துச் சொல்லிக்கொள்வேன்.

நான் எழுந்து நடந்தேன். அத்தைதான் அதற்குப் பிறகு பழையபடி ஆகவில்லை.

மீன்காரர்தான் முதலில் கவனித்தார். எங்கள் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு வழக்கம்போல முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். அத்தை அவரைப் பார்க்காமல், "இன்னைக்குப் பிடிச்சதா?" என்று கேட்டாள். அவர் மற்ற வாசல்களில் சொல்லும் பழக்கதோஷத்தில், "ஆமாக்கா" என்று சொல்லிவிட்டார். அத்தை வாங்கிக்கொண்டாள். அறுத்தபோது நாற்றம் தாங்கவில்லை. அவள் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தாள். அடுத்த வாரமும் அவரிடமே கேட்டாள், அடுத்த வாரமும் வாங்கினாள். வெட்கமோ என்னவோ, பிறகு அந்த மனிதர் எங்கள் தெருவுக்குள்ளேயே வரவில்லை.

மில்லில் எல்லாருக்கும் லீவு கொடுத்தாள். தலைவலி என்றாலும் சரி, தாத்தாவுக்குச் சீக்கு என்றாலும் சரி, தலையை ஆட்டிவிடுவாள். பெண்களுக்குப் பழகிவிட்டது. ஒரே வாரத்தில் பாதி மிஷின்கள் ஆளில்லாமல் நின்றன. மேனேஜர் கூப்பிட்டுச் சத்தம்போட்டார், திருப்பூரில் இருந்த முதலாளி வரை விஷயம் போனது. ஒரு பெண் தன் சித்தப்பா இறந்துவிட்டதாகச் சொல்லிவிட்டு ஊருக்குப் போனாள். அந்தச் சித்தப்பா போன பொங்கலுக்கும் இறந்திருந்தார். அத்தையைச் சூப்பர்வைசர் வேலையிலிருந்து எடுத்துவிட்டு, பழையபடி மிஷினில் நிற்கவைத்தார்கள். தான் வளர்த்துவிட்ட பெண்களுக்குப் பக்கத்திலேயே, அந்த வயதில், நூல் அறுந்த இடத்தைப் பார்த்துப் பார்த்து முடிந்துகொண்டு நின்றாள்.

எனக்குத் தாங்கவில்லை. ஒருநாள் கேட்டேன். "ஒனக்குத் தெரியலையா அத்த, சித்தப்பா செத்துட்டாருன்னு அவ சொன்னது பொய்யின்னு?"

அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தாள். "தெரிஞ்சுச்சு" என்றாள்.

"பெறகு?"

"நீ சொன்னதும் பொய்யின்னுதான் அன்னைக்குத் தெரிஞ்சுச்சு."

என் வலி நிஜமாக இருந்தது. அதைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை. ஆனாலும் அன்றைக்கு அவள் முன்னால் உட்கார்ந்திருந்தபோது, அவளிடமிருந்து எதையோ பறித்துக்கொண்டவளைப் போலக் குறுகிப்போனேன்.

கோயிலுக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். ஒருமுறை அம்மா, "எத்தனை வாட்டி மதினி அதையே சொல்வீக? சாமிதான் மன்னிச்சிட்டாருல்ல?" என்றாள்.

"சாமி மன்னிச்சிட்டாரு. அவருக்கென்ன, அவர் காலா?" என்றாள் அத்தை.

கோயிலோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. பஸ்ஸில், ரேஷன் கடையில், கல்யாண வீட்டில், யாராவது என் நடையைப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்குப் பொறந்ததுல இருந்தே இப்படியா?" என்று கேட்டால் போதும். அத்தை உடனே சொல்லிவிடுவாள். "இல்ல. நல்லா நடந்த பிள்ளதான். வலிக்குது வலிக்குதுன்னு சொல்லுச்சு. நாந்தான் நடிக்கிறான்னு சொல்லி நடக்கவச்சேன். இது என்னால வந்தது."

கேட்டவர்களில் சிலர் அத்தையைத் திட்டுவார்கள். திட்டினால் அவள் முகத்தில் ஒரு தெளிச்சி வரும். சிலர் ஆறுதல் சொல்வார்கள். அது அவளுக்குப் பிடிக்காது. நான் பக்கத்தில் நிற்பேன். எல்லாருடைய கண்ணும் அத்தையிடமிருந்து என் காலுக்கு இறங்கும்.

காலேஜ் முதல் வருடத்தில் என் வகுப்புத் தோழிகளை பஸ் ஸ்டாண்டில் பார்த்தோம். அவர்கள் எதுவும் கேட்கவே இல்லை. ஒருத்தி என் செருப்பைப் பார்த்தாள், அவ்வளவுதான். அத்தை ஆரம்பித்துவிட்டாள். முடிக்கும்வரை அந்தப் பெண்கள் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் பஸ் ஏறிய பிறகு நான் சொன்னேன்.

"இனிமே யாருகிட்டயும் சொல்லாத அத்த. ஒனக்குச் சொன்னா பாரம் எறங்குது. எனக்கு ஏறுது. அது என் காலு."

அத்தை என்னைப் பார்த்தாள். வெகுநாளைக்குப் பிறகு நேராக முகத்தைப் பார்த்தாள். "சரி" என்றாள்.

அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. என்னோடு வெளியே வருவதையும் நிறுத்திவிட்டாள். அந்த வருடமே மில் வேலையை விட்டாள். ஆயக்குடியில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பெண் பிள்ளைகள் விடுதியில் சமையலுக்கு ஆள் தேவை என்று யாரோ சொல்ல, ஒரு பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அப்பா எவ்வளவோ தடுத்தார். "இங்க இருந்து என்ன செய்யப்போறேன்? அங்க பிள்ளைகளுக்குச் சோறு பொங்கிப் போடுறேன்" என்றாள். நான் தடுக்கவில்லை. போகாதே என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் இருந்திருப்பாளோ என்னவோ. அவள் போனால் வீட்டில் கொஞ்சம் மூச்சு விடலாம் என்றுதான் அன்று எனக்குத் தோன்றியது.

என் கல்யாணம் முடிவானதும் அவளைக் கூப்பிட நானே போனேன். விடுதியைச் சுற்றிக் கொய்யாத் தோப்பு. சமையலறை வாசலில் உட்கார்ந்து புளி நசுக்கிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். பத்திரிகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"மாப்பிள்ளை வீட்டுல காலப் பத்திக் கேட்டாகளா?"

"கேட்டாக. சொல்லிட்டேன்."

"என்ன சொன்ன?"

"சின்ன வயசுல இடுப்பு எலும்பு நழுவிருச்சு, ஆபரேஷன் பண்ணுனதுன்னு சொன்னேன்."

"நான் நம்பலன்னு சொல்லலையா?"

"இல்ல அத்த."

புளியிலிருந்து ஒரு கொட்டையை எடுத்து எறிந்தாள். "பாதிதான் சொல்லியிருக்க" என்றாள்.

கிளம்பும்போது விடுதியைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் வாசல் வரை வந்தார். பழனிப் பக்கத்துக்காரர். "உங்க அத்தை மாதிரி மனசு யாருக்குங்க வரும்?" என்றார். "பிள்ளைங்க தலை வலிக்குது, கை வலிக்குதுன்னு என்ன சொன்னாலும் நம்பிருவாங்க. ஒரு வார்த்தை திருப்பிக் கேக்கமாட்டாங்க. பாதிப் பிள்ளைங்க ஏமாத்துதுங்க, இவங்களுக்கு அது புரியறதே இல்லீங்க. வெள்ளை மனசு."

நான் தலையை ஆட்டினேன். அந்த மனசு எப்படி வந்தது என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். அத்தை உள்ளே அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். சிஸ்டர் சொன்னதைக் கேட்டிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

கல்யாணத்துக்கு வந்தாள். பூசை ஆரம்பிக்கப்போகும் நேரத்தில்தான் வந்திருக்கிறாள். முன்னால் வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் நில்லுங்கள் என்று அம்மா ஆள் அனுப்பியும் வரவில்லை. பந்தியில் கடைசியாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, போட்டோவுக்கு நாங்கள் நிற்பதற்கு முன்பே ஆயக்குடிக்கு பஸ் ஏறிவிட்டாள். அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து படுத்தவள் எழுந்திரிக்கவில்லை. தகவல் வந்து நாங்கள் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

கல்யாணப் படங்களில் அவள் எதிலும் இல்லை. வீடியோவில் ஒரே ஓர் இடத்தில் இருக்கிறாள். அவள் போன பிறகுதான் அதைக் கண்டுபிடித்தேன். நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலின் நடுவழியாகப் பீடத்தை நோக்கி நடந்து போகிறேன். இரண்டு பக்கமும் சனம் எழுந்து நிற்கிறது. எல்லாரும் என் முகத்தை, நகையை, பூவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் அத்தை நிற்கிறாள். அவள் மட்டும் தரையைப் பார்க்கிறாள். புடவைக் கரைக்குக் கீழே என் வலது கால் எடுத்துவைக்கும் ஒவ்வொரு எட்டையும் பார்க்கிறாள். நான் பீடத்துக்குப் போய்ச் சேரும்வரை அவள் தலையைத் தூக்கவே இல்லை.